அரை மில்லிமீட்டர் பிசகு

கணினியின் நீல நிற யுஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்கைச் செருகியதும், பக்கத்துத் துளையில் குட்டி ரிசீவரை வைத்து ஓடும் வயர்லெஸ் மவுஸ் திணற ஆரம்பிப்பது உண்டு. கோப்புகள் நகலாகி முடியும்வரை அம்புக்குறி விட்டு விட்டுத்தான் நகரும். பலரும் மவுஸின் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள். பழுது மவுஸில் இல்லை. இன்டெல் நிறுவனம் 2012-இல் இதை அளந்து அறிக்கையாகவே வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்கை இணைத்ததும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பின்னணி இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபல் கூடியது. ஆற்றல் கணக்கில் இது நூறு மடங்கு. மவுஸ், புளூடூத், பல வைஃபை இணைப்புகள் எல்லாம் புழங்குவது அதே அலைவரிசையில்தான்.

இத்தனைக்கும் யுஎஸ்பி தகவல் பயணிப்பது, இரைச்சலை அடக்குவதற்கென்றே அமைந்த ஜோடித் தடங்களில். சர்க்யூட் போர்டில் இரண்டு மெல்லிய செம்புத் தடங்கள் அருகருகே ஓடும். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். ஒன்றில் +0.2 வோல்ட், மற்றதில் -0.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து 0.1 வோல்ட் இரைச்சல் இரண்டிலும் ஏறினால் அவை 0.3 ஆகவும் -0.1 ஆகவும் மாறும். வித்தியாசம் அப்போதும் அதே 0.4 வோல்ட்தான். வாங்கும் சிப் அந்த வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிகளை ஜோடியாக முறுக்கும் முறைக்கு கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றதும் இதே கணக்கை நம்பித்தான். எதிரெதிராக ஓடும் இரு மின்னோட்டங்களின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், வெளியே கசிவதும் மிகக் குறைவு.

இவை அனைத்தும் இரண்டு தடங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும்வரைதான். தடங்களுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால், ஒரே ஒரு செங்கோண வளைவில் வெளித்தடம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடும். போர்டில் சிக்னல் அந்த அரை மில்லிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 பிக்கோ விநாடி ஆகும். யுஎஸ்பி 3.0-இல் ஒரு பிட்டின் ஆயுளே 200 பிக்கோ விநாடிதான். ஒரு தடம் ஏறிய பிறகு மற்றது தாமதமாக இறங்கினால், அந்த நொடித்துணுக்கில் இரண்டும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுகட்டுவதில்லை. மிஞ்சும் பகுதி இரு தடங்களிலும் ஒரே திசையில் ஓடும். காமன் மோடு இரைச்சல் என்பது இதைத்தான்.

வளைவு மட்டுமே காரணம் அல்ல. போர்டு என்பது கண்ணாடி இழைத் துணியில் பிசின் ஊற்றிச் செய்தது. ஒரு தடம் இழைக் கற்றையின் மேலும், அதன் ஜோடி பிசின் மிகுந்த இடைவெளியின் மேலும் போனால், நீளம் சமமாக இருந்தும் வேகம் மாறிவிடும். கீழே உள்ள கிரவுண்ட் தளத்தில் வெட்டு இருந்தாலும் சமன் குலையும்.

காமன் மோடு மின்னோட்டம் கேபிளுக்குள் புகுந்துவிட்டால் கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். ஒரு மீட்டர் கேபிளில், 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே, வீட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்கா விதித்துள்ள கதிர்வீச்சு வரம்பைத் தொட்டுவிடும்.

இதில் கவலை தருவது இன்னொன்று. வாங்கும் சிப் வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால், தன் தடங்களில் உள்ள பிசகு அதற்குத் தெரிவதே இல்லை. கோப்பு பிழையின்றி வந்து சேரும், சோதனையில் எல்லாம் சரி என்றே காட்டும். தண்டனை அனுபவிப்பது பக்கத்தில் இருக்கும் மவுஸும் ஹெட்போனும்.

அதனால்தான் நல்ல வடிவமைப்பாளர்கள், வளைவில் நீளம் குறைந்த தடத்துக்கு அங்கேயே சிறு நெளிவு கொடுத்துச் சமன் செய்கிறார்கள். இழைகளுக்கு இணையாக ஓடாதபடி தடங்களைச் சில பாகை சாய்த்துப் போடுகிறார்கள். கனெக்டருக்கு அருகே ஃபெரைட் சோக் வைக்கிறார்கள். எதிரெதிர் ஓட்டங்களின் காந்தப்புலம் அதில் அழிந்துவிடுவதால் தகவல் தடையின்றிப் போகும், ஒரே திசையில் வரும் ஓட்டம் மட்டும் தடுக்கப்படும். பயனருக்கும் எளிய வழி ஒன்று உண்டு: மவுஸ் ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் செருகித் தள்ளி வைத்தால் போதும்.

யுஎஸ்பி 4-இன் முதல் பதிப்பில் ஒரு ஜோடியின் வேகம் விநாடிக்கு 20 கிகாபிட். ஒரு பிட்டின் ஆயுள் 50 பிக்கோ விநாடி. வேகம் கூடக் கூட, பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகின் அளவு சுருங்குகிறது. தன் சாதனம் வேலை செய்கிறது என்பதோடு வடிவமைப்பாளரின் பொறுப்பு முடிவதில்லை. பக்கத்துச் சாதனமும் நிம்மதியாக வேலை செய்ய வேண்டும்.