ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேடினால் கிடைக்கவில்லை: யாரிடம் சொல்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக் கணினியில் ஓடுவது லினக்ஸ். பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம், கோவில் விழா நோட்டீஸ் என்று அடித்துக் கொடுத்ததெல்லாம் ஊர்ப் பெயரோடு சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய மனு ஒன்று வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்கிறார். கடைக்காரர் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று தட்டித் தேடுகிறார். சில கோப்புகள் வருகின்றன, சில வரவில்லை. வராத கோப்பைத் தேடிப்பிடித்துத் திறந்தால் அதிலும் அதே ஊர்ப் பெயர், அதே எழுத்துகள்.

கடைக்காரரின் கண்ணில் கோளாறு இல்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஸகர மெய்யோடு 'ரீ' சேர்வது பழைய வழி. 2005இல் வெளிவந்த யூனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அதன்பின் அந்த எழுத்தோடு 'ரீ' சேர்ப்பதே முறையான வழி என்று ஆனது. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவத்தில்தான் வரைகின்றன. ஆனால் கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடுகிறது. ஸ்ரீரங்கத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இதே கதிதான்.

இதை யாரிடம் சொல்வது? கட்டற்ற இயங்குதளங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. விண்டோஸிலும் கருத்துச் சொல்ல வசதி உண்டு. ஆனால் சொன்னது எங்கே போனது, யார் படித்தார்கள், ஏன் செய்யவில்லை என்பது வெளியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. லினக்ஸ் உலகில் நிரலும் திறந்து கிடக்கிறது, குறைகளைப் பதியும் பேரேடும் திறந்து கிடக்கிறது. எந்த நாட்டில் இருக்கும் யாரும் அதில் எழுதலாம். அந்தக் குறையை யார் கையில் எடுத்தார், எந்தத் தேதியில் திருத்தினார், எதற்காக மறுத்தார் என்று மற்றவர்களும் படிக்கலாம். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எல்லாம் இப்படி வந்த குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இன்றைய வடிவத்துக்கு வந்திருக்கின்றன.

பலருக்கும் இடறுகிற இடம், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. நாம் 'லினக்ஸ்' என்று ஒரே பெயரில் அழைப்பது ஒரே பட்டறையில் செய்த பொருள் அல்ல. அடியில், வன்பொருளை இயக்கும் கெர்னல். அதன்மேல் திரையில் நாம் பார்க்கும் ஜன்னல்களும் பட்டியல்களும். இவற்றை குனோம், கேடிஈ போன்ற குழுக்கள் செய்கின்றன. எழுத்துரு ஒருவருடையது, விசைப்பலகை வரைவு இன்னொருவருடையது, லிப்ரே ஆபீஸ் வேறொரு அமைப்பினுடையது. இவற்றையெல்லாம் தொகுத்து, ஒன்றோடொன்று பொருத்தித் தருபவர்கள்தான் உபுண்டு, டெபியன் போன்ற வெளியீட்டாளர்கள்.

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்தையே எடுத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பு 2007இல் வந்தது. அது டெபியனை அடியாகக் கொண்டது. டெபியனோ குனோம் குழு செய்ததை எடுத்துப் பயன்படுத்துகிறது. ஆக, பாஸில் கோப்பு மேலாளர் சரியாக வேலை செய்யவில்லை என்றால், அதன் வேர் சென்னையில் இருக்கலாம், டெபியனில் இருக்கலாம், குனோமில் இருக்கலாம். வேர் இருக்கும் இடத்தில் திருத்தினால் எல்லாருக்கும் திருந்தும். இடையில் ஒட்டுப்போட்டால் அடுத்த பதிப்பில் அது கழன்றுவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிக்கலுக்கும் இப்படி இரண்டு கதவுகள் உண்டு. எல்லா விசைப்பலகை வரைவுகளும் 'ஸ்ரீ'யை ஒரே வழியில் தர வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. அது விசைப்பலகை வரைவைப் பராமரிப்பவர்களுக்குப் போக வேண்டும். எந்த வழியில் அடித்திருந்தாலும் தேடல் இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும் என்பது இன்னொன்று. அது தேடல் நிரலை எழுதுபவர்களுக்கு. "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை, எதைத் தட்டினோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற ஐந்து விவரமும், ஒரு திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) இருந்தால் போதும். தமிழே தெரியாத ஒரு ஜெர்மன் நிரலர்கூடத் தன் மேசையில் அதே குறையை வரவழைத்துப் பார்த்துவிடுவார். டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற சிறு கருவி பதிப்பு எண் போன்றவற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதே குறையை வேறு யாராவது முன்பே பதிந்திருக்கிறார்களா என்றும் காட்டும். பதிந்திருந்தால் புதிதாக ஒன்று எழுதாமல் அதன் கீழேயே நம் அனுபவத்தைச் சேர்ப்பது நல்லது.

பழுது அல்ல, புதிய வசதிதான் வேண்டும் என்றால் அது டெபியனின் தரவரிசையில் 'விருப்பம்' என்ற கடைசிப் படியில் போய் உட்காரும். கடைசிப் படி என்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று பொருளில்லை. ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு காலம்? குனோமின் கோப்புத் தேர்வுப் பெட்டியின் கதை இதற்குப் பெயர்போனது. ஒரு இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஏற்ற வேண்டும். முன்பெல்லாம் பெட்டியைத் திறந்தால் படங்கள் தெரியாது. எண்கள் மட்டுமே கொண்ட கோப்புப் பெயர்கள் வரிசையாக நிற்கும். எது யார் முகம் என்று ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். படங்களைச் சிறு உருவங்களாக வரிசையில் காட்டுங்கள் என்ற கோரிக்கை 2004இல் பதிவானது. அது நிறைவேறி மக்கள் கைக்கு வந்தது 2023 மார்ச்சில், குனோம் 44 பதிப்பில்.

யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஒரு வசதிக்கு ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள்! அந்தப் பெட்டியின் நிரல் பழையது. அதன்மேல் இந்த வசதியை எளிதில் ஏற்ற முடியாமல், அடியில் இருந்த கருவித்தொகுப்பையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நெடுங்காலம் பிடித்தது. கட்டற்ற மென்பொருளில் கோரிக்கை வைக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. செய்து கொடுக்கும் கடமை யாருக்கும் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை ஆண்டுகள் கரைகின்றன.

கேட்டும் மறுக்கப்பட்ட கதைகளும் உண்டு. 2010இல் உபுண்டு 10.04 பதிப்பில், ஜன்னலை மூடும் பொத்தான்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. பயனர்கள் கொதித்தார்கள். பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள் என்று எழுதிக் குவித்தார்கள். உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த், இது வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுக்கும் விஷயம் அல்ல என்று பதில் சொல்லிவிட்டார். 2017 அக்டோபரில் உபுண்டு தன் சொந்த முகப்பைக் கைவிட்டு குனோமுக்கு மாறியபோதுதான் பொத்தான்கள் வலப்பக்கம் திரும்பின. அன்று எழுதியவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் தலைக்கணக்கு மட்டும் காட்டினால் வடிவமைப்பாளர்கள் அசைவதில்லை. இந்த மாற்றத்தால் இன்னார் இன்ன வேலையில் தடுமாறுகிறார் என்று காட்டும் ஒரே ஒரு தெளிவான குறிப்பு பல சமயம் அதைவிட எடை கூடியது.

சின்னச் சின்ன உறுத்தல்களுக்கென்றே உபுண்டு 2009இல் ஒரு திட்டம் வகுத்தது. காகிதம் கீறியது போன்ற நூறு சிறு காயங்களை அடுத்த பதிப்புக்குள் ஆற்றிவிடுவது என்பது இலக்கு. சாதாரணப் பயனர் அடிக்கடி சந்திப்பதாகவும், ஒரு நிரலர் ஒரே நாளில் சரிசெய்யக் கூடியதாகவும் குறை இருக்க வேண்டும். கேடிஈ குழு 2022இல் இதையே வேறு விதமாகத் தொடங்கியது: புதிதாக உட்காரும் ஒருவர் முதல் பதினைந்து நிமிடத்தில் எதிலெல்லாம் முட்டிக்கொள்கிறாரோ, அவற்றுக்கு முன்னுரிமை. தமிழில் தட்டச்சு செய்ய விசைப்பலகையை மாற்றப்போன ஒருவர் எங்கே அலைந்தார் என்பது இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் அடங்குகிற விஷயம்தான்.

கேட்டது சடுதியில் கிடைத்ததும் உண்டு. இந்திய ரூபாய்க் குறிக்கு மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஒப்புதல் தந்தது. அந்த அக்டோபரிலேயே வெளியான உபுண்டு 10.10 பதிப்பில் ரூபாய்க் குறி இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 7க்கான திருத்தம் அடுத்த ஆண்டுதான் வந்தது.

அடுத்தவர் கேட்டது நமக்கும் கிடைக்கும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் பக்கத்து ஊரான சிவகாசிக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. நோட்டுப் புத்தகம், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று அச்சிட்டுத் தள்ளும் ஊர் அது. பக்கம் அமைக்கக் கட்டற்ற மென்பொருள் உலகில் இருப்பது 'ஸ்கிரைபஸ்'. ஆனால் நெடுங்காலம் அதில் தமிழ் யூனிகோட் எழுத்துகள் உருக்குலைந்துதான் விழுந்தன. கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அச்சகத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய எழுத்துருக்களையும் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளையும் விட்டு அச்சுத் தொழில் நகராததற்கு இதுவும் ஒரு காரணம். இதே சிக்கல் அரபு மொழிக்கும் இருந்தது. ஓமான் நாட்டின் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று வெறும் கோரிக்கையோடு நிற்கவில்லை, நிரலை எழுதியே கொடுத்தது. 2017இல் வந்த சோதனைப் பதிப்பான 1.5.3இல் அந்த வேலை சேர்ந்தது. 2024இல் 1.6 என்ற நிலைப்பதிப்பாக எல்லாருக்கும் கிடைத்தது. அரபுக்காகச் செய்ததால் தமிழும் இந்தியும் மலையாளமும் சேர்ந்தே நிமிர்ந்தன. தமிழ்ப் பக்கங்களை அதில் அமைத்துப் பார்த்து, எங்கே இன்னும் பிசகுகிறது என்று சொல்ல வேண்டியவர்கள் அன்றாடம் பக்கம் கட்டும் அச்சகத்துக்காரர்கள்தான். வேறு யாராலும் அதை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது.

இப்படிச் சொல்லும் பழக்கம் தமிழகத்தில் வேரூன்ற ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே நிறுவப்பட்டு வந்தன. பத்தாண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர் கைக்குப் போயின. ராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளர் வீடுகளுக்கும் அவை போயிருக்கின்றன. ஒரே அரசு இவ்வளவு பேருக்கு லினக்ஸைக் கொடுத்தது உலகிலேயே அரிது. ஆனால் பல மாணவர்கள் விண்டோஸ் பக்கமே நின்றுவிட்டார்கள். பாஸில் என்ன பிடிக்கவில்லை, எது புரியவில்லை, பாடத்துக்கு எந்த மென்பொருள் இல்லை என்று அந்த மாணவர்கள் எழுதியிருந்தால், தமிழ் மேசைக்கணினிக்கு அதைவிடப் பெரிய சொத்து இருந்திருக்காது. எழுதலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்தார்கள். அந்தப் பணியில் முன்நின்றவர்கள் ஆசிரியர்கள். வகுப்பில் பாடம் நடத்துபவரே எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் இடத்திலும் இருந்தார். திட்டத்தை இன்று நடத்தும் 'கைட்' நிறுவனம் 2019இல் புதிய பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது நிறுவப்படுவதாகவும், உரிமக் கட்டணத்தில் 3000 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் சொன்னது. மலையாளக் கணிமைக்காக 2002 முதல் இயங்கும் தன்னார்வக் குழுவும் உண்டு. 'மீரா இனிமை' என்ற கட்டற்ற தமிழ் எழுத்துருவை நமக்குச் செய்து தந்தவர்கள் அந்த மலையாளக் குழுவினர்தான் என்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

தமிழகத்திலும் ஆட்கள் இல்லாமல் இல்லை. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. த. சீனிவாசன் 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்கி வருகிறது. குறையை ஆங்கிலத்தில் பதிய வேண்டியிருப்பதுதான் பலருக்குத் தயக்கம். தமிழில் சொன்னதைக் கேட்டு, சோதித்து, ஆங்கிலத்தில் உரிய இடத்தில் பதிந்து தர இந்தக் குழுக்களால் முடியும். அதற்கு ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள கல்லூரிகளின் கணினித் துறைகள் முன்வந்தால் வேலை பாதி முடிந்தது. கணினி அறிவியல் மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைப்பது அரிது.

வேளையும் கூடி வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினிகள் கடைகளிலும் ஆலை அலுவலகங்களிலும் ஏராளம். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி தருவதாக அறிவித்து 2000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தக் கணினிகளில் கட்டற்ற இயங்குதளம் இடம்பெறும்போது, திரையின் முகப்பிலேயே 'குறையைச் சொல்லுங்கள்' என்று தமிழில் ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தி எழுதப்படும் ஒவ்வொன்றையும் படித்து, எண் கொடுத்து, என்ன ஆயிற்று என்று எழுதியவருக்கே பதில் அனுப்ப, சம்பளம் வாங்கும் நான்கைந்து பேர் வேண்டும். 2000 கோடியில் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.