54 ஆவது மாசச்சூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படைப் பிரிவு

54 ஆவது மாசச்சூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படைப் பிரிவு என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) ஒன்றிய அரசின் பக்கம் நின்று போரிட்ட படைப்பிரிவாகும். இதன் படைவீரர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்; அதிகாரிகள் தொடக்கத்தில் அனைவரும் வெள்ளையர்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கொண்டு உருவாக்கப்பட்ட முதல் படைப்பிரிவுகளுள் இதுவும் ஒன்று. வாக்னர் கோட்டை மீது 1863 ஆம் ஆண்டில் நடத்திய தாக்குதலுக்காகவும், சம ஊதியம் கோரிச் சுமார் 18 மாதங்கள் ஊதியமே பெறாமல் பணியாற்றியமைக்காகவும் இப்பிரிவு அறியப்படுகிறது.

பின்னணி

உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின் நிலையான படை மிகச் சிறியதாக இருந்தது. எனவே ஒவ்வொரு மாநிலமும் தன்னார்வலர்களைத் திரட்டிப் படைப்பிரிவுகளை உருவாக்கி நடுவண் அரசிடம் ஒப்படைத்தது. பிரிவின் பெயரில் மாநிலத்தின் பெயரும் வரிசை எண்ணும் இடம்பெற்றன. அதிகாரிகளை மாநில ஆளுநரே நியமித்தார். முழு வலிமை கொண்ட ஒரு காலாட்படைப் பிரிவில் பத்துக் கம்பனிகளும் ஏறத்தாழ 1,000 வீரர்களும் இருந்தனர்.

போரின் தொடக்கத்தில் கறுப்பினத்தவர் படையில் சேர்க்கப்படவில்லை. ஜனவரி 1, 1863 அன்று ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அவர்களைப் படையில் சேர்க்க வழிவகுத்தது. அம்மாதமே மாசச்சூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ இதற்கான அனுமதியைப் போர்த்துறையிடமிருந்து பெற்றார்.

உருவாக்கம்

மாசச்சூசெட்சில் கறுப்பின மக்கள்தொகை குறைவு. ஆகவே பிற வட மாநிலங்களிலும் கனடாவிலும் ஆள் திரட்டப்பட்டது. அடிமை ஒழிப்புத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் இப்பணியில் ஈடுபட்டார். அவருடைய மகன்கள் லூயிஸ், சார்லஸ் இருவரும் இப்பிரிவில் சேர்ந்தனர். வீரர்களில் பெரும்பாலானோர் அடிமைகளாக இருந்தவர்கள் அல்லர். வட மாநிலங்களில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள்.

பாஸ்டனுக்கு அருகில் ரீட்வில் என்னும் இடத்தில் இருந்த மெய்க்ஸ் முகாமில் பயிற்சி நடைபெற்றது. அடிமை ஒழிப்பை ஆதரித்த குடும்பத்தைச் சேர்ந்த 25 வயதான ராபர்ட் கூல்ட் ஷா இதன் கர்னலாக நியமிக்கப்பட்டார். மே 28, 1863 அன்று படைப்பிரிவு பாஸ்டன் நகரில் அணிவகுத்துச் சென்று தென் கரொலைனாவுக்குக் கப்பலேறியது.

இவ்வீரர்களுக்குப் பிற வீரர்களுக்கு இல்லாத ஆபத்து ஒன்று இருந்தது. கறுப்பினப் படைகளுக்குத் தலைமையேற்கும் வெள்ளை அதிகாரிகளுக்கு மரண தண்டனை விதிக்கத் தென் மாநிலக் கூட்டமைப்பு 1863 மே மாதத்தில் சட்டம் இயற்றியது. பிடிபடும் கறுப்பின வீரர்கள் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்படுவர் என்றும் அது கூறியது. அவர்கள் அடிமைகளாக விற்கப்படலாம் அல்லது கொல்லப்படலாம் என்பதே இதன் பொருள்.

போர்ப்பணி

1863 ஜூன் மாதத்தில் ஜோர்ஜியாவின் டேரியன் நகரை எரிக்குமாறு கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரி உத்தரவிட்டார். அச்செயலில் இப்பிரிவின் ஒரு கம்பனியும் ஈடுபடுத்தப்பட்டது. ஷா இதனைக் கடுமையாக எதிர்த்தார். முதல் போர் ஜூலை 16 அன்று ஜேம்ஸ் தீவில் நிகழ்ந்தது. அங்கு எதிரியின் தாக்குதலைத் தடுத்து நின்றதன் மூலம் 10 ஆவது கனெக்டிகட் பிரிவு சூழப்படாமல் காக்கப்பட்டது.

இரண்டு நாட்களுக்குப் பின், சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மாரிஸ் தீவில் இருந்த வாக்னர் கோட்டையைத் தாக்கும் பணி தரப்பட்டது. ஒருபுறம் கடலும் மறுபுறம் சதுப்பு நிலமும் இருந்ததால் குறுகிய மணற்பரப்பு வழியாகவே கோட்டையை அணுக முடிந்தது. அன்று பகல் முழுவதும் பீரங்கிகள் கோட்டையைத் தாக்கின. ஆயினும் மணலால் மூடப்பட்ட பதுங்கறைகளில் இருந்த காவற்படைக்குப் பெரிய சேதம் இல்லை. மாலையில் சுமார் 600 வீரர்களுடன் இப்பிரிவு முன்னணியில் சென்றது. ஷா மதிலின் மீது ஏறியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 270 பேர் இறந்தனர், காயமுற்றனர் அல்லது காணாமற் போயினர். தாக்குதல் தோல்வியடைந்தது, இதில் ஒன்றியப் படைகளின் மொத்த இழப்பு சுமார் 1,500. கோட்டையைக் கூட்டமைப்புப் படை செப்டம்பர் மாதத்தில்தான் கைவிட்டது.

கொடி ஏந்தியவர் வீழ்ந்தபோது, சார்ஜண்ட் வில்லியம் கார்னி கொடியை எடுத்து, பல காயங்களுடன் அதனை மீட்டு வந்தார். இதற்காக அவருக்கு 1900 ஆம் ஆண்டில் காங்கிரசின் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. ஷா தம் வீரர்களுடன் ஒரே குழியில் புதைக்கப்பட்டார். உடலை அங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று அவருடைய தந்தை கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 20, 1864 அன்று புளோரிடாவின் ஒலஸ்டீ போரில் தோற்றுப் பின்வாங்கிய ஒன்றியப் படைக்கு இப்பிரிவு பின்காவலாக நின்றது. காயமுற்றோரை ஏற்றிய தொடர்வண்டியின் எஞ்சின் பழுதானபோது, வீரர்கள் கயிறு கட்டி அதனை இழுத்துச் சென்றனர். பின்னர் தென் கரொலைனாவில் ஹனி ஹில் (நவம்பர் 1864), பாய்கின்ஸ் மில் (ஏப்ரல் 1865) ஆகிய இடங்களிலும் இப்பிரிவு போரிட்டது.

ஊதியச் சிக்கல்

ஆள் திரட்டியபோது பிற வீரர்களுக்கு இணையாக மாதம் 13 டாலர் ஊதியம் தரப்படும் என்று கூறப்பட்டது. ஆனால் போர்த்துறை, 1862 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கறுப்பினத்தவருக்கு 10 டாலரே உரியது என முடிவு செய்தது. அதிலும் உடைக்காக 3 டாலர் கழிக்கப்பட்டதால் 7 டாலரே எஞ்சியது. வீரர்கள் இதனைப் பெற மறுத்தனர். குறையும் தொகையைத் தானே தருவதாக மாசச்சூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோதும் அவர்கள் ஏற்கவில்லை. தொகையைப் பெற்றுக்கொண்டால் நடுவண் அரசின் பாகுபாட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே இது பற்றிக் கடிதம் எழுதினார்.

இம்மறுப்பால் வீரர்களின் குடும்பங்கள் வறுமையில் வாடின. இத்தகைய எதிர்ப்பு ஆபத்தானதாகவும் இருந்தது. 3 ஆவது தென் கரொலைனா பிரிவில் ஊதியத்துக்காகத் தம் கம்பனியுடன் ஆயுதங்களைக் கீழே வைத்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கருக்கு 1864 பிப்ரவரியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 54 ஆவது பிரிவினர் ஊதியத்தை மறுத்தபோதும் கடமையைத் தொடர்ந்தனர்.

1864 ஜூன் மாதத்தில் காங்கிரஸ் சம ஊதியத்தை ஏற்றது. எனினும், சேர்ந்த நாள் முதலான நிலுவை, ஏப்ரல் 19, 1861 அன்று சுதந்திரமாக இருந்தோருக்கே உரியதாயிற்று. ஷாவுக்குப் பின் கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அந்நாளில் எவருக்கும் ஊதியமின்றி உழைக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை என்று மட்டும் கூறும் உறுதிமொழியை வகுத்தார். அடிமைத்தனத்தை நியாயமாகக் கருதாததால், முன்னாள் அடிமைகளும் பொய்யுரைக்காமல் அதனை ஏற்க முடிந்தது. செப்டம்பர் 1864 இல் முழு ஊதியமும் வழங்கப்பட்டது. அதற்குள் வாக்னர் கோட்டையில் வீழ்ந்தோர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஒலஸ்டீயில் சிறைப்பட்ட கூடிங், 1864 ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்திருந்தார்.

கலைப்பும் நினைவும்

படைப்பிரிவு 1865 ஆகஸ்ட் மாதத்தில் கலைக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஒன்றியப் படையில் பணியாற்றிய கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர். அவர்களைச் சேர்ப்பதற்கு இருந்த எதிர்ப்பு குறைய வாக்னர் கோட்டைத் தாக்குதல் உதவியது. அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் வடித்த ஷா மற்றும் வீரர்களின் புடைப்புச் சிற்பம் மே 31, 1897 அன்று பாஸ்டன் காமன் பூங்காவில் திறந்துவைக்கப்பட்டது. 1989 இல் வெளியான குளோரி என்னும் திரைப்படம் இப்பிரிவின் வரலாற்றைக் கூறுகிறது. அதில் வீரர்கள் பெரும்பாலும் முன்னாள் அடிமைகளாகக் காட்டப்படுவது வரலாற்றுக்கு மாறானது.