சேர்வராயன் மலையின் நாகலோகம்

மாரமங்கலத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேசையில் இருக்கிறது. நோட்டிலிருந்து கிழித்த தாளில் இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. டிராகன்கள் வாழும் ஒரு மலைநாட்டைப் பற்றிக் கதை படித்தாளாம். எந்த டிராகன் எந்தச் சிகரத்தில் குடியேறியது, எந்தக் குலம் எதிலிருந்து பிரிந்தது என்று அந்த நாட்டுக்கே ஒரு வரலாறு அதில் வருகிறதாம். “ஐயா, எங்க மலையிலும் அப்படி ஏதாவது இருந்திருக்குமா? இருந்திருந்தா அதுக்கும் வரலாறு இருக்குமா?” என்று முடித்திருக்கிறாள்.

இருந்திருக்குமா என்று ஏன் கேட்கிறாய் கண்ணு? இப்போதும் இருக்கிறது. உன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக் மரத்துக்கும் அடியில், நீ மிதித்து நடக்கிற மண்ணுக்குள் இருக்கிறது.

டிராகன் என்றதும் இறக்கையும் நெருப்பும் நினைவுக்கு வருவது மேல்நாட்டுக் கதைகளின் பழக்கம். லின்னேயஸ் 1758இல் ‘டிராகோ’ என்ற பெயரை மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஒரு சின்னஞ்சிறு ஓணானுக்குக் கொடுத்துவிட்டார். அதன் இனத்தைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளுக்குப் போனால் போதும். நம் கதைகளின் பாம்பரசர்களோ வானத்தில் பறந்தவர்கள் அல்லர். நாகலோகம் பூமிக்கு அடியில் இருந்தது. ஆதிசேஷன் மண்ணைச் சுமந்தான். நாகரத்தினம் இருட்டில் ஒளிர்ந்தது. மண்ணுக்கடியில் வீடு, மண்ணைத் தள்ளும் வலிமை, மின்னும் உடம்பு. இந்த மூன்றையும் வைத்துத் தேடினால் சேர்வராயன் மலையில் ஒரே ஒரு பிராணிதான் கையில் வருகிறது. அதன் பெயர் கேடயவால் பாம்பு.

இந்தப் பாம்பு ஒரு முழம்கூட இருக்காது. விரல் தடிமன். கருத்த உடம்பில் மஞ்சள் பட்டைகள். நஞ்சு கிடையாது. பிடித்தாலும் கடிக்க முயல்வதில்லை. மண்புழு தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது நாற்று நடக் குழி வெட்டிய இடத்தில் இதை முதன்முதலாகப் பார்த்தேன். மழை விட்ட நேரம். மண்ணோடு சேர்ந்து மேலே வந்து விழுந்த அந்தக் கறுப்பு உடம்பில் வெயில் பட்டதும் நீலமும் பச்சையும் ஊதாவும் ஓடின. சோப்பு நுரைக் குமிழில் ஓடுமே, அதே நிறங்கள். “கட்டுவிரியன் குட்டி” என்று யாரோ கத்தினார்கள். அடுத்த நொடி மண்வெட்டி இறங்கிவிட்டது. அந்த நிறங்கள் மங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கடிதம் பாதிக் காரணம், அந்தப் பாம்பு மீதிக் காரணம்.

அது மண்ணைத் துளைக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கையும் காலும் இல்லாத ஓர் உயிர், வேரும் கல்லும் நிறைந்த ஈர மண்ணில் தலையால் வழி செய்கிறது. தலை கூம்பு போலக் குறுகியது. மற்றப் பாம்புகளின் மண்டையோட்டு எலும்புகள் விரிந்து கொடுக்கும், இதற்கு அவை இறுகிக் கெட்டிப்பட்டிருக்கின்றன. தலையை முன்னே தள்ளும் வேலை அதற்குப் பின்னால் உள்ள உடம்பின் முன்பகுதிக்கு. அங்கே தோலுக்குள்ளேயே முதுகெலும்பு அலை அலையாக மடங்குகிறது. மடங்கும்போது உடம்பு அந்த இடத்தில் பருத்து, சுரங்கத்தின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மடிப்பு நிமிரும், நிமிரும்போது தலை முன்னே பாயும். பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஊக்கை உள்ளே விட்டு, துணியைக் கொசுவிச் சுருக்கி, இறுக்கிப் பிடித்து, பிறகு நீவிவிடுவோம். ஊக்கு ஓர் அங்குலம் முன்னால் போயிருக்கும். என் அம்மா பேசிக்கொண்டே இதைச் செய்வாள். பாம்பு வாழ்நாள் முழுக்க இதைச் செய்கிறது.

கார்ல் கான்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தப் பாம்புகளை அறுத்து ஆராய்ந்தபோது, முன்பகுதித் தசை மட்டும் ஆழ்ந்த சிவப்பாக இருப்பதைக் கண்டார். ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் அங்கே செறிந்திருக்கிறது. பின்பகுதித் தசையோ வெளிறிப்போய், இழுத்த இழுப்புக்கு வருவதோடு சரி. 1978இல் வெளியான கட்டுரையில் அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் இதைச் சரக்கு ரயிலுக்கு ஒப்பிட்டார்கள். முன்னால் எஞ்சின், பின்னால் பெட்டிகள். சேலம் ஜங்ஷனில் நின்று சரக்கு வண்டிகளை எண்ணிப் பார்த்த சிறுவர்களில் நானும் ஒருவன், அதனால் அந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் நான் சொல்ல ஆசைப்படுவது வாலைப் பற்றி.

மற்றப் பாம்புகளுக்கு வால் மெலிந்து கூர்மையாக முடியும். இதற்கு யாரோ அரிவாளால் சாய்வாக வெட்டிவிட்டது போல் சட்டென்று முடிந்துவிடும். வெட்டிய முகம் போலிருக்கும் அந்த இடத்தில் செதில்கள் தடித்து, முள்முள்ளாகத் துருத்தி, சொரசொரவென்று இருக்கும். கேடயம் என்ற பெயர் அதனால் வந்தது. பாம்பு முன்னால் துளைத்துக்கொண்டு போகும்போது அந்தச் சொரசொரப்பில் மண் ஒட்டி அப்பிக்கொள்கிறது. அந்த மண் உருண்டை, வந்த வழியைத் தக்கை போல அடைத்துவிடுகிறது. சுரங்கத்தில் எது துரத்திக்கொண்டு வந்தாலும் அதன் மூக்கில் முட்டுவது மண்தான். என் பாட்டி இரண்டு கையிலும் புல்லுக்கட்டோடு ஆட்டுப்பட்டிக்குள் நுழைவாள். நுழைந்ததும் திரும்பிப் பார்க்காமல் முதுகாலேயே படலைத் தள்ளிச் சாத்திவிடுவாள். இந்தப் பாம்பு எங்கே போனாலும் தன் படலைச் சுமந்துகொண்டே போகிறது.

அதிசயம் இத்தோடு முடியவில்லை. வாலில் மண் ஒட்டுகிறது, உடம்பிலோ துளி மண்கூட ஒட்டுவதில்லை. சேற்றிலிருந்து எடுத்தாலும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வரும். கான்ஸும் இன்னொருவரும் 1977இல் செதில்களின் மேற்பரப்பைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார்கள். உடம்புச் செதில்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. ஈர மண்ணை ஒட்டவிடாமல் வழுக்கிவிடுவது அவற்றின் வேலை. அந்த வரிகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால்தான் வானவில் நிறம். வாழ்நாள் முழுக்க இருட்டில் இருக்கும் பாம்புக்கு அந்த அழகால் ஒரு பயனும் இல்லை. சேறு ஒட்டாமலிருக்க அமைந்த ஓர் ஏற்பாடு, போகிற போக்கில் நாகரத்தினத்தையும் படைத்துவிட்டது.

இனி அந்தப் பெண் கேட்ட வரலாறு.

மலை முதலில். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நம்மைப் பார்த்துக்கொண்டே வரும் அந்தக் கருநீலப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். இந்தப் பகுதியில் அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அந்தப் பாறை மக்கி மக்கி, மேலே சில அடி உயரத்துக்குச் செம்மண் ஆனது. கேடயவால் பாம்பின் நாடு அந்தச் சில அடி மண்தான். உலகத்தில் இந்தக் குடும்பம் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் மலைகளில். ஏறக்குறைய அறுபது இனங்கள். குளிர்ந்த, ஈரமான, மட்கு நிறைந்த மண் வேண்டும். சமவெளியின் சூடும் கெட்டித் தரையும் இவற்றுக்குக் கடல் மாதிரி. ஏற்காட்டில் நின்றால் வானம் தெளிந்த நாளில் கொல்லிமலை தெரியும். நாம் பார்க்கிற அந்த இடைவெளியைப் பாம்பு ஒருபோதும் தாண்டப் போவதில்லை. ஆகவே மலைக்கு மலை தனித்தனிக் குலம். நாமக்கல் மாவட்டத்து மலைப்பகுதியிலிருந்து 2013இல் ஒரு புதிய கேடயவாலை விவரித்தார்கள். அது வேறு பேரினம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கதை நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். சேர்வராயன் கோயில் இருப்பதும் மலையுச்சியில் ஒரு குகைக்குள்தான், குனிந்து இருட்டுக்குள் போய்த்தான் கும்பிட வேண்டும். குலம் பிரிந்த கதையும் மண்ணுக்குள் குடியிருக்கும் தெய்வமும் இந்த மலைக்குப் புதியவை அல்ல.

நம் பாம்புக்குப் பெயர் வைத்தது 1863இல். வைத்தவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம், சென்னை மாகாணத்தின் காட்டு அதிகாரி. தென்னிந்தியக் கேடயவால்களில் பலவற்றுக்கு அவர்தான் பெயரிட்டவர். இதை அவருக்குச் சேகரித்துக் கொடுத்தவர் சென்னைப் படையின் மருத்துவர் ஜான் ஷார்ட். தென்னிந்திய மலைத்தொடர்களைப் பற்றி நூல் எழுதியவர், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டவர். அதனால் பாம்பு ‘ஷார்ட்டியை’ ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் இதைத் தனி இனமாக ஏற்காமல், மேற்குத் தொடர்ச்சி மலையின் ‘சிலானிக்கா’ என்ற இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் சிலானிக்காவின் கதையும் வேடிக்கையானது, பெயரில் இலங்கை இருக்கிறதே தவிர இலங்கையில் அந்தப் பாம்பு கிடையாது. இப்படி நம் மலையின் பாம்பு வெகுகாலம் தனக்கென்று பெயரில்லாமல், இல்லாத ஊரின் பெயரில் கிடந்தது. தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்தைத் தேடித் திரிந்தவர்கள் மிகச் சிலர். பேராசிரியர் எம்.வி. ராஜேந்திரன் 1985இல் கேடயவால்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 2014இல் எஸ்.ஆர். கணேஷும் உடன் ஆய்வாளர்களும் பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, சேர்வராயன் பாம்பு தனி இனமே என்று நிறுவினார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது தன் பெயரைத் திரும்பப் பெற்றது.

தனி இனம் என்றால் என்ன பொருள் என்பதைச் சற்று நிதானித்து நினைக்க வேண்டும். இந்த மலையில் இல்லாமல் போனால் இந்தப் பாம்பைக் கொண்டுவந்து விட இன்னொரு மலை இல்லை.

இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? விடுதி கட்டச் சரிவை ஜேசிபியால் வழித்துப் பாறை தெரியச் செதுக்குகிறோம். பாக்சைட்டுக்காக மலைத்தலைகளில் மேல்மண்ணைச் சுரண்டினோம். கொத்திக் களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று களைக்கொல்லி அடிக்கிறோம். மண்புழு செத்த மண்ணில் பாம்புக்கு என்ன வேலை? கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத சிறு விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிழல் மரம் விட்டு, சருகை அப்படியே மட்கவிட்டு வளர்த்த பழைய காப்பித் தோட்டம் மண்ணுக்கு ஒரு போர்வையாக இருந்தது. அந்தப் போர்வையை உருவிவிட்டு, மலையைக் காக்கிறோம் என்று பலகை நடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மழை நாளில் சாலைக்கு வரும் பாம்புகள் வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன. போதாக்குறைக்கு, மண்ணுக்குள் இருப்பதெல்லாம் ‘இருதலை’ மண்ணுளிப் பாம்பு என்று எண்ணி, லட்சக்கணக்கில் விலை போகும் என்ற புரட்டை நம்பிப் பிடிக்கிறவர்கள் வேறு. அவர்கள் தேடும் மண்ணுளிக்கும் அப்படி ஒரு மதிப்பு கிடையாது. ஏமாறுகிறவர் பணத்தை இழக்கிறார், பாம்பு உயிரை இழக்கிறது.

கடிதம் எழுதிய பெண்ணுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பெய்து இரண்டு நாள் கழித்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போ. சருகு மூடிக் கிடக்கும் மக்கிய கட்டை எதையாவது ஒரு நீளக் கம்பால் உன் பக்கமாகப் புரட்டு, கையை மட்டும் விடாதே, வேறு பாம்புகளும் அங்கே இருக்கும். கறுப்பாக, மினுமினுப்பாக, வால் வெட்டுப்பட்டது போல ஒன்று தெரிந்தால் அதுதான். அது சீறாது, ஓடாது. தலையை மண்ணுக்குள் செருகித் தள்ளும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், கடைசியில் அந்த மண் அப்பிய வால் மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்து, அதுவும் மறையும். கட்டையை எடுத்த வாட்டத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, எந்த மரத்தடி, மண் எவ்வளவு ஈரம், மஞ்சள் பட்டை எத்தனை என்று எனக்கு எழுது.