ஊர்ச் சொத்தில் உலகப் போட்டி



கோல்ப் என்றதுமே "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எனக்கும் கோல்ப் ஆடத் தெரியாது. மட்டையைக் கையில் பிடித்ததுகூட இல்லை. தொலைக்காட்சியில் பார்த்தும், ஆர்வத்தால் படித்தும் அறிந்ததே நான் இங்கு எழுதுவது. ஆனால் அப்படிப் படித்தபோது ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. உலகின் மிகப் பெரிய கோல்ப் போட்டிகளில் சில, எந்தத் தனியார் கழகத்துக்கும் சொந்தமில்லாத, ஊர் மக்களின் பொதுத் திடல்களில் நடைபெறுகின்றன. விளையாட இடம் தேடி அலையும் பிள்ளைகளைப் பெற்ற நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு சிறு விளக்கம். ஆண்களுக்கான கோல்ப் ஆட்டத்தில் நான்கு போட்டிகளை 'மேஜர்' என்பார்கள். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓப்பன் ஆகிய மூன்றும், 1860-ல் தொடங்கிய பிரிட்டனின் ஓப்பன் போட்டியும் அவை. இவற்றில் மாஸ்டர்ஸ் மட்டும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில், அகஸ்டா என்ற தனியார் கழகத்தில் நடக்கிறது. அங்கு முதல் கறுப்பின உறுப்பினர் சேர்க்கப்பட்டது 1990-ல். பெண்கள் சேர்க்கப்பட்டது 2012-ல். மற்ற மூன்று போட்டிகளும் இடம் மாறி மாறி நடப்பதால், பொதுத் திடல்களுக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸ்: முயலும் சட்டமும்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள பழைய திடலைக் கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு என்பர். கடற்கரை மணல்மேட்டில் அமைந்த அந்தப் புல்வெளியில் விளையாடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று 1552-லேயே எழுத்தில் உறுதி செய்யப்பட்டது. ஆனால் 1797-ல் நகர நிர்வாகம் கடனில் மூழ்கி நிலத்தை விற்றது. அது முயல் வளர்க்கும் வணிகர்களின் கைக்குப் போயிற்று. திடலெங்கும் முயல் வளை. ஊராருக்கும் முயல்காரர்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சண்டையும் வழக்கும் நடந்தன. 1821-ல் கோல்ப் ஆர்வலரான ஒரு நிலக்கிழார் வாங்கித் திடலைக் காப்பாற்றினார். 1894-ல் பாராளுமன்றச் சட்டத்தின் வழியாக நகரமே அதை மீட்டுக்கொண்டது. 1974-ல் வந்த இன்னொரு சட்டப்படி இன்று ஓர் அறக்கட்டளை அதைப் பராமரித்து வருகிறது.

2022-ல் 150-வது ஓப்பன் போட்டி இங்கேதான் நடந்தது. இத்திடலுக்கு அது 30-வது முறை. இவ்வளவு புகழ் பெற்ற திடலின் முதல் குழிப் பாதையையும் கடைசிக் குழிப் பாதையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொது வழி போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊரார் நாய்களுடன் அங்கே உலாவுவார்கள். வெளியூர்க்காரர்களும் விதிமுறைக்குட்பட்டுப் பெயர் கொடுத்து, குலுக்கலில் வந்தால் ஆடலாம்.

பெத்பேஜ் பிளாக்: வேலையில்லாதோர் கட்டியது

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் ஓர் அரசுப் பூங்கா. அதிலுள்ள ஐந்து திடல்களில் கடினமானது 'பிளாக்'. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்குப் பிழைப்பளிக்க அரசு நடத்திய நிவாரணப் பணியில் உருவாகி, 1936-ல் திறக்கப்பட்டது. 2002-ல் இங்கு யு.எஸ். ஓப்பன் நடந்தது. அரசுக்குச் சொந்தமான திடலில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை. வென்றவர் டைகர் உட்ஸ். பின்னர் 2009-ல் மீண்டும் யு.எஸ். ஓப்பன், 2019-ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 2025-ல் ரைடர் கோப்பை ஆகியவை வந்தன.

மாநிலவாசிகளுக்குக் குறைந்த கட்டணம். வெளி மாநிலத்தாருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே வாகனத்தில் ஏறிச் சுற்ற முடியாது. எல்லோரும் நடந்தே ஆட வேண்டும். இடம் பிடிப்பதற்காக மக்கள் இரவெல்லாம் காருக்குள் தூங்கி வரிசையில் காத்திருப்பது அங்கே பிரசித்தம். நம் ஊரில் கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

மற்றும் சில

கலிபோர்னியாவின் சான் டியாகோ நகராட்சிக்குச் சொந்தமானது டோரி பைன்ஸ். இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ முகாம் இருந்த நிலத்தில் 1957-ல் அமைந்தது. 2008, 2021 ஆகிய ஆண்டுகளில் அங்கு யு.எஸ். ஓப்பன் நடந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் சேம்பர்ஸ் பே, மணலும் ஜல்லியும் தோண்டியெடுத்த பழைய குவாரி. அந்த மாவட்ட நிர்வாகம் அதைத் திடலாக்கி 2007-ல் திறந்தது. எட்டே ஆண்டுகளில், 2015-ல், யு.எஸ். ஓப்பன் அங்கே வந்தது. போட்டியின்போது புல்தரையின் நிலை பற்றி ஆட்டக்காரர்கள் பலர் குறை கூறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவற்றோடு கலிபோர்னியாவின் பெபிள் பீச்சையும் ஒப்பிடுவோம். 1919-ல் திறந்த அங்கும் பலமுறை யு.எஸ். ஓப்பன் நடந்துள்ளது. அதையும் 'பொதுத் திடல்' என்றே குறிப்பிடுவார்கள். யாரும் ஆடலாம் என்பது உண்மைதான். ஆனால் உடைமை தனியாரிடம். ஒரு சுற்று ஆட 500 டாலருக்கு மேல் ஆகும். கதவு திறந்திருக்கிறது, உள்ளே போகப் பை கனமாக இருக்க வேண்டும்.

ஆகவே 'பொது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் வரலாம் என்பது ஒன்று. இது ஊர்ச் சொத்து, ஊராருக்கு இதில் உரிமை உண்டு என்பது மற்றொன்று. முன்னதில் நாம் வாடிக்கையாளர். பின்னதில் நாம் உடைமையாளர். செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடியது இந்த இரண்டாவது பொருளுக்காகவே.

நம் நாட்டில்

இந்தியாவில் கோல்ப் கழகங்களின் வழியே வளர்ந்தது. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கழகம் 1829-ல் தொடங்கியது. தேசியப் போட்டியான இந்தியன் ஓப்பன் 1964-ல் டெல்லி கோல்ப் கழகத்தில் ஆரம்பமாயிற்று. 1991-ல் அப்போட்டியை வென்ற அலி ஷேர், அதே கழகத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். திறமை சுவரைத் தாண்டும்தான். ஆனால் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கும்? டெல்லி வளர்ச்சிக் குழுமம் லாடோ சராயில் அமைத்த குதுப் திடல், உறுப்பினரல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடக்கூடிய பொதுத் திடலாகும்.

சென்னை கிண்டியில் நடப்பதும் இதே கேள்விதான். அங்கே 160 ஏக்கர் அரசு நிலம், குதிரைப் பந்தயக் கழகத்துக்கு 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. கோல்ப் திடலும் அதற்குள்ளேயே இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து, நிலத்தைத் திரும்ப எடுத்துப் பொதுப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பதல்ல இங்கே என் பேச்சு. நகரின் நடுவே இருக்கும் நிலம் யாருக்காக என்ற கேள்வி இரு நூறாண்டுக்கு முன் ஸ்காட்லாந்தில் எழுந்தது. இன்று நம் தாய்த் தமிழகத்திலும் எழுந்துள்ளது.

நம் தீவுகளில்

ஊரிலிருந்து வரும் உறவினர்களை ராஸ் தீவுக்கு (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) அழைத்துச் செல்லும்போதெல்லாம், ஆங்கிலேய அதிகாரிகளின் டென்னிஸ் திடலும் நீச்சல் குளமும் இருந்த இடங்களைக் காட்டுவது என் வழக்கம். எதிர்க்கரையில் கைதிகள் கல் உடைக்க, இங்கே சிலர் பந்தடித்தார்கள். இன்று அங்கே ஆலமர வேர்கள் சுவர்களைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. சிலருக்காக மட்டும் இருந்த திடல் அந்தச் சிலரோடு போயிற்று.

இதற்கு நேர்மாறு நம் ஜிம்கானா மைதானம். பெயர் ஆங்கிலேயர் காலத்தது. 1943 டிசம்பர் 30 அன்று அங்கேதான் நேதாஜி மூவர்ணக் கொடியை ஏற்றினார். இன்று அது நேதாஜி ஸ்டேடியம். போர்ட் பிளேர் என்ற பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனாலும் குடியரசு தினத்தன்று எல்லா மொழியினரும் கூடும் இடம் அதுதான்.

நம் தீவுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. அது காடாகவே இருக்க வேண்டும். எஞ்சிய சமதளம் மிகச் சிறிது. வீடு, கடை, அலுவலகம், விடுதி எல்லாம் அதற்குள்ளேயே. எனவே 150 ஏக்கர் கோல்ப் திடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கால்பந்துத் திடல், ஒரு கைப்பந்துத் தளம் போதும். நம் தீவுப் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. இத்தீவுகளின் ஈசோ ஆல்பன் 2018-ல் உலக இளையோர் சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றாரே!

எங்கள் குடியிருப்புக்கு அருகே பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக ஆடிவந்த ஒரு வெற்றிடத்தில், ஒருநாள் காலை கட்டுமானக் கம்பிகள் வந்து இறங்கின. கேட்கப் போனபோது, "விளையாட்டுத் திடல் என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்களிடம் 1552-ஆம் ஆண்டின் காகிதம் இருந்தது.

எனவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் பகுதியில் பிள்ளைகள் ஆடும் இடத்தைப் பற்றி நான்கு கேள்விகளை விசாரித்து வையுங்கள். நிலம் யாருடையது? திடல் என்று பதிவாகியிருக்கிறதா? உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் உறுதி? பெரிய விழாவோ போட்டியோ வந்தால் எத்தனை நாள் மூடப்படும், பிறகு யார் சீர்செய்வார்கள்? பதில் கிடைக்காத இடங்களைப் பட்டியலிட்டுச் சங்கத்தில் கொடுங்கள். மற்ற மொழிச் சங்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே மனுவாக நிர்வாகத்திடம் அளிப்போம். தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளப் பிள்ளைகளும் நிக்கோபாரிப் பிள்ளைகளும் ஒரே பந்தைத்தான் துரத்துகிறார்கள்.