அகலத் திரையும் அளவறிதலும்

பண்டம் கொள்வோர்க்கு அதனை ஆராயும் முறை தெரிந்திருத்தல் வேண்டும். மண்பானை வாங்கச் செல்லும் மூதாட்டி அதனை விரலால் தட்டி ஓசை கேட்கின்றாள். கோரைப்பாய் கொள்வோர் அதனை விரித்து, நெருக்கமாக நெய்யப்பட்டுள்ளதா என்று நோக்குவர். தேங்காய் வாங்குவோர் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பர். இவர்களை எளிதில் ஏமாற்ற இயலாது. ஆயினும், இக்காலத்து இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட கணினித் திரையை, அஃதாவது கடைகளில் ‘மானிட்டர்’ என வழங்கும் பொருளை, வாங்கச் செல்லும்போது, எதனைத் தட்டுவது, எதனை விரிப்பது என்று அறியாமல் நாம் திகைத்து நிற்கின்றோம். பெரிதாகவும் மலிவாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றோம்.

யானும் அவ்வாறு பிழை செய்தவனே. பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபின், நூல்களின் அச்சுப்படிகளைத் திருத்தும் பணியை மேற்கொண்டேன். அதற்கும், என் பெயர்த்தியின் படிப்பிற்கும் பயன்படுமாறு, 32 அங்குல அகலத் திரையொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். வீட்டார் அனைவரும் அதன் பெரிய உருவத்தைக் கண்டு மகிழ்ந்தனர். சில திங்கள் கழித்து, யான் திருத்திய நூல் அச்சாகி வந்தது. புரட்டிப் பார்த்தேன். ‘கல்’ என நிற்க வேண்டிய இடத்தில் ‘கல’ என நின்றது. இவ்வாறு புள்ளி இழந்த சொற்கள் பல இருந்தன. பெயர்த்தியோ மாலைதோறும் கண் வலிக்கின்றது என்று கூறிப் படிப்பை இடையில் நிறுத்துவாள். அதனைச் சோம்பல் என்று எண்ணி யான் கடிந்துகொண்டேன். பின்னர் ஆராய்ந்தபோதுதான், பிழை என் அறியாமையில் இருந்தது என்பதை உணர்ந்தேன். அப்போது யான் கற்றவற்றையே ஈண்டு உங்களுக்குக் கூறுகின்றேன்.

முதலில் அறிய வேண்டுவது அளவு. ‘24 அங்குலத் திரை’ என்றால் அதன் அகலம் 24 அங்குலம் என்று பலர் கருதுவர். அஃது அன்று, ஒரு மூலையினின்று எதிர்மூலை வரையுள்ள மூலைவிட்டத்தின் நீளமே அது. மூலைவிட்டம் ஒன்றாயினும், வடிவம் வேறுபடின் பரப்பும் வேறுபடும். கணிதப் பாடத்தில் நீங்கள் கற்ற பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். பழைய திரைகளில் அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் 4-க்கு 3. அவ்விகிதத்தில் அமைந்த 20 அங்குலத் திரையின் அகலம் 16 அங்குலம். உயரம் 12 அங்குலம். பரப்பு 192 சதுர அங்குலம். இக்காலத்து அகலத் திரைகளின் விகிதம் பெரும்பாலும் 16-க்கு 9. அவ்விகிதத்தில் அமைந்த 20 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 17.4 அங்குலம்; உயரம் 9.8 அங்குலம், பரப்பு ஏறத்தாழ 171 சதுர அங்குலம். அகலம் சிறிது கூடினும், பரப்பில் 21 சதுர அங்குலம் குறைந்துவிட்டது காண்க. இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்புநோக்க அகலத் திரை பெரிதும் உதவும். ஆனால், மிகச் சிறியதாயின் உயரம் போதாமல், பக்கத்தை அடிக்கடி நகர்த்த நேரும்.

அடுத்து அறிய வேண்டுவது புள்ளிகளின் நெருக்கம். நம் வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக இட்ட புள்ளிகளைக் கொண்டே கோலம் உருவாகின்றது. திரையில் தோன்றும் எழுத்தும் அத்தகையதே. ‘பிக்சல்’ எனப்படும் நுண்புள்ளிகளால் அஃது ஆக்கப்படுகின்றது. யான் முதலில் வாங்கிய திரையில் ஒரு வரிசைக்கு 1366 புள்ளிகளாக 768 வரிசைகளே இருந்தன. 32 அங்குலத் திரையில் அவற்றைப் பரப்பினால், ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 49 புள்ளிகளே அமையும். முழுப் பக்கமும் தெரியுமாறு எழுத்தைச் சிறிதாக்கினால், மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்டத் திரையில் புள்ளி இல்லாமற் போய்விடும்! 1920-க்கு 1080 என்னும் கணக்கில் அமைந்த திரையிலோ மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. முன்னதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அத்தகைய திரை 21.5 அங்குலமாயின் ஓர் அங்குலத்திற்கு 102 புள்ளிகளும், 24 அங்குலமாயின் 92 புள்ளிகளும், 27 அங்குலமாயின் 82 புள்ளிகளும் அமையும். புள்ளிகளைக் கூட்டாமல் திரையை மட்டும் பெரிதாக்குவது, ஒரே நூலைக் கொண்டு அகன்ற பாய் நெய்வது போலாகும், இழைகள் விலகிவிடும். ஆதலின், சிக்கனமாகப் படிப்பிற்குத் திரை வாங்குவோர்க்கு 1920-க்கு 1080 கணக்கில் அமைந்த 22 முதல் 24 அங்குலம் வரையிலான திரையே பொருத்தமானது. வாங்கியபின், கணினியிலும் அவ்வெண்ணையே அமைத்தல் வேண்டும். வேறெண் அமைந்திருப்பின், நல்ல திரையிலும் எழுத்து மங்கித் தோன்றும்.

மூன்றாவது, திரையின் உள்ளமைப்பு. 1888-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியல் அறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டிராலினின்று பெற்ற ஒரு பொருளை உருக்கினார். அது முதலில் கலங்கிய நீர்மமாகி, மேலும் சூடேற்றியபின் தெளிந்தது. அக்கலங்கிய நிலையே பின்னர்த் ‘திரவப் படிகம்’ எனப் பெயர் பெற்றது. திரவப் படிகத்தை இரு கண்ணாடிகளுக்கு இடையே அடைத்து, மின்விசையால் அதனைத் திருப்பி, பின்னிருந்து வரும் ஒளியை விடுத்தும் தடுத்தும் உருவம் காட்டுவதே இத்திரைகளின் தொழில். படிகத்தைத் திருப்பும் முறையால் இவை மூவகைப்படும். ‘டி.என்.’ வகை மலிவானது. எனினும், பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். ‘வி.ஏ.’ வகையில் கருமை ஆழமாகத் தோன்றும். ‘ஐ.பி.எஸ்.’ வகையில் எப்பக்கமிருந்து பார்ப்பினும் நிறம் பெரிதும் மாறாது. உடன்பிறந்தோர் இருவர் அருகருகே அமர்ந்து படிக்கும் இல்லத்திற்கு இவ்வகையே ஏற்றது.

இவையன்றி, கடையிலேயே ஆராய வேண்டியவை சிலவுண்டு. திரையின் ஒளியைக் குறைத்து, அதன்முன் பென்சில் ஒன்றை விரைந்து அசைத்துப் பாருங்கள். பென்சிலின் உருவம் தனித்தனித் துண்டுகளாகத் தோன்றின், அத்திரையின் ஒளி விட்டுவிட்டு எரிகின்றது என்று கொள்க. அஃது சிலருடைய கண்ணை வருத்தும். முழு வெண்மையையும் முழுக் கருமையையும் காட்டச் செய்து, பழுதுற்ற புள்ளிகள் உளவா என்று நோக்குக. உங்கள் கணினியிலுள்ள எச்.டி.எம்.ஐ. முதலிய இணைப்பு வாய் திரையிலும் உள்ளதா என்று காண்க. நொடிக்கு 60 முறை உருவத்தைப் புதுப்பிக்கும் திரை படிப்பிற்குப் போதும். வளைந்த வடிவம், வண்ண விளக்கு ஆகியவற்றிற்குப் பொருள் செலவிட வேண்டுவதில்லை. வீட்டில் திரையைக் கைநீளத் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திற்கு மேற்படாதவாறு வைத்தல் நன்று. 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடித் தொலைவிலுள்ள பொருளை 20 நொடி நோக்குதல் கண்ணுக்கு ஓய்வளிக்கும்.

இவற்றை அறிந்தபின், 24 அங்குலத் திரையொன்றை வாங்கினேன். கடைக்காரர், “ஐயா, முன்பு வைத்திருந்ததைவிட இது சிறிதாயிற்றே!” என்றார். யான் விடை கூறாமல், தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டுமாறு வேண்டினேன். ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி தெளிவாக விளங்கியது. வீட்டிற்கு வந்ததும் பெயர்த்தியை அழைத்து, காரணம் அறியாமல் கடிந்ததற்கு வருந்துவதாகக் கூறினேன். அவள் நகைத்து, “தாத்தா, இப்போது உங்களுக்குப் புள்ளிகள் தெரிகின்றனவா?” என்று வினவினாள்.

மாணவர்களே! உங்கள் பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளைக் கொண்டு திரை வாங்கச் செல்லும்போது, நீங்களும் உடன் செல்லுங்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கச் செய்து, எழுத்தின் புள்ளியையும் சுழியையும் உற்று நோக்குங்கள். மூதாட்டி பானையைத் தட்டிப் பார்ப்பது போன்ற சோதனை அதுவே.