கனமான இயந்திரங்களை நகர்த்துதலும் பாதுகாத்தலும்

நமது கிராமங்களில் பல வீடுகளை ஒட்டிச் சிறு பட்டறைகள் நடைபெற்று வருகின்றன. லேத் எனப்படும் கடைசல் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், ஆயில் எஞ்சின், மின்சார மோட்டார் ஆகியவற்றிலேயே பல குடும்பங்களின் முதல் முழுவதும் அடங்கியிருக்கிறது. இவற்றை வாங்கும்போது காட்டும் அக்கறையை, வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டுவது அவசியம்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு, சென்னைக் கோட்டூர்புரத்தில் வீடுகளின் தரைத்தளங்கள் மூழ்கின. அதே ஆற்றின் மேற்புறத்திலுள்ள ஈக்காட்டுத்தாங்கலிலும், 1958இல் தொடங்கப்பெற்ற கிண்டித் தொழிற்பேட்டையிலும் சிறு தொழிற்கூடங்களின் இயந்திரங்கள் நீரில் நின்றன. பெட்டியையும் பாயையும் மாடிக்கு எடுத்துச் செல்லலாம்; லேத்தை எடுத்துச் செல்ல முடியுமா? கனமான பொருளை வெள்ளம் வந்தபின் காக்க இயலாது. வருமுன்னரே உரிய இடத்தில் அமைத்திட வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

இயந்திரத்தை இடம் மாற்றத் தோள்வலிமையை நம்புதல் ஆகாது. முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, லேத்தானால் சக்கையும் டெயில்ஸ்டாக்கையும் கழற்றிப் பளுவைக் குறைக்க வேண்டும். 5 அடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து அரை அடி தள்ளி உறுதியான கட்டையை அண்டை கொடுத்தால், நாம் செலுத்தும் விசை 9 மடங்காகும். 400 கிலோ இயந்திரத்தின் ஒரு பக்கத்தை உயர்த்த, அதில் பாதியான 200 கிலோவைத் தாங்க வேண்டும். இதற்குச் சுமார் 22 கிலோ அழுத்தமே போதும். உயர்த்திய இடத்தில் உடனே கட்டை செருகுக. கைவிரல்களை அடியில் நுழைக்கலாகாது.

பின்னர் கனமான பலகைமேல் இயந்திரத்தைப் பிணைத்து, அடியில் இரும்புக் குழாய்களை இட்டு உருட்டலாம். பின்னே வெளிவரும் குழாயை முன்னே வைத்துக்கொண்டே செல்ல வேண்டும். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோரின் விழிப்பு இங்கும் தேவை. சரிவான இடத்தில் ஒருவர் கட்டையுடன் பக்கவாட்டில் நிற்கட்டும். எவரும் இயந்திரத்தின் கீழ்ப்புறம் நிற்கலாகாது. லேத்தின் பளு மேற்பகுதியில் இருப்பதால் அது எளிதில் கவிழும். செயின் பிளாக்கை ஓட்டுவீட்டு உத்திரத்தில் மாட்டுவது ஆபத்து. மூன்று உறுதியான மரங்களால் முக்காலி அமைத்தலே நன்று.

பட்டறை மேடை, அவ்வூரில் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு ஓர் அடி மேலாக இருத்தல் வேண்டும். அத்தனை உயரம் கட்ட இயலாத பள்ளமாயின், பட்டறையையே மேட்டு நிலத்தில் அமைப்பது சிக்கனம். இருவர் தூக்கக்கூடிய மோட்டார்களை, மழைக்காலத்தில் விரைவில் கழற்றுமாறு போல்ட்டு நட்டுகளுக்கு எண்ணெயிட்டு வைக்கலாம். நெடுநாள் நிறுத்தி வைக்கும் இயந்திரத்தை மண்தரையில் வைக்காமல் கட்டைமேல் ஏற்றி, கடைந்த பரப்புகளில் கிரீஸ் பூசி, காற்றோட்டத்துடன் மூடி வைக்க வேண்டும்.

நீரில் மூழ்கிய மோட்டாரை உடனே ஓட்டிப் பார்ப்பது பெருந்தவறு. சேற்றைக் கழுவி, நன்கு உலர்த்தி, மின்பணியாளரைக் கொண்டு மெக்கர் கருவியால் சோதித்து, பேரிங்குகளின் கிரீஸை மாற்றிய பிறகே இணைப்புக் கொடுக்கலாம். ஆயில் எஞ்சினானால், எண்ணெயை வடித்து, தண்ணீர் கலந்துள்ளதா என்று பார்க்காமல் சுற்றலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வெள்ளம் ஏறிய உயரத்தை முதியோரிடம் விசாரித்து, பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் வர்ணக்கோடாக வரைந்து, ஆண்டையும் எழுதி வையுங்கள். புதிதாகப் பட்டறை அமைப்போர் அக்கோட்டைப் பார்த்து மேடை எழுப்புவார்கள். ஒரு டப்பா வர்ணச் செலவில் பல குடும்பங்களின் பிழைப்பு காக்கப்படும்.