ராஸ் தீவுக்கு ஒருநாள் பயணம்

நுழையும் முன்

வரலாற்றை நூலில் படிப்பது ஒரு முறை. அது நிகழ்ந்த இடத்திற்கே சென்று காண்பது மற்றொரு முறை. அந்தமானில் உள்ள ஒரு சிறு தீவு அரைநாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய அளவே உடையது. ஆயினும் ஓர் அரசின் ஆடம்பரம், ஓர் உலகப்போர், ஒரு விடுதலைக் கனவு, எளிய மக்களின் துயரம் ஆகிய நான்கும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அத்தீவுக்குச் செல்பவர் எவற்றைக் காணலாம், எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

படகுத்துறையில்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேர். 2024ஆம் ஆண்டு முதல் இந்நகர் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரைப் பெற்றுள்ளது. நகரின் அபர்தீன் பகுதியில் கடலோரமாக அமைந்துள்ள படகுத்துறையிலிருந்து ராஸ் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. காலையிலேயே பயணச்சீட்டுப் பெறுவோர் வரிசையில் நிற்பர். அவ்வரிசையில் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் தமிழும் ஒருங்கே ஒலிக்கும். பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோரின் நகரம் அது.

படகில் ஏறுமுன் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி தரப்படும். அதை அணிந்த பின்னரே படகு புறப்படும். பயணம் ஏறத்தாழ 15 நிமிடமே. நகரின் பக்கம் திரும்பிப் பார்த்தால், கரைமேட்டில் செல்லுலார் சிறையின் நீண்ட கட்டடம் தெரியும். எதிர்ப்பக்கம் நோக்கினால், தென்னைகள் அடர்ந்த ராஸ் தீவு நெருங்கி வரும். சிறையும் தீவும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. கைதிகள் வாழ்ந்த கரைக்கும் அவர்களை ஆண்டவர்கள் வாழ்ந்த கரைக்கும் இடையே இருந்தது அச்சிறு கடற்பரப்பே.

தீவு தலைநகரான காரணம்

1857ஆம் ஆண்டு வட இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதில் சிறைப்பட்டோரைத் தொலைவான இடத்திற்கு அனுப்ப ஆங்கில அரசு முடிவு செய்தது. 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் அந்தமானை அடைந்தார். அக்கைதிகளே காட்டை வெட்டினர், நிலத்தைத் திருத்தினர், கல் சுமந்தனர். பின்னர்ச் சென்னை மாகாணம் உட்பட நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர்.

அதிகாரிகள் தாம் வாழும் இடமாக ராஸ் தீவைத் தேர்ந்தனர். கடலளவையாளர் டேனியல் ராஸ் என்பவரின் பெயரால் அத்தீவு வழங்கப்பட்டது. துறைமுகத்தின் வாயிலில் இருப்பதால் வரும் கப்பல் அனைத்தும் அங்கிருந்து கண்ணில் படும். நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதால் காவலும் எளிது. இவ்விரு காரணங்களால் ஏறத்தாழ 80 ஆண்டுகள் அச்சிறு தீவே அந்தமான் முழுமைக்கும் ஆட்சித் தலைமையிடமாக விளங்கியது.

தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, ரொட்டி சுடும் கூடம், அச்சகம், மின் நிலையம், நீச்சல் குளம், வரிப்பந்து ஆடுகளம் ஆகிய அனைத்தும் அங்கே எழுந்தன. கிழக்கின் பாரிஸ் என்று அதனைப் புகழ்ந்தவர்களும் உண்டு. அப்புகழுக்குரிய கட்டடங்களைத் தம் உழைப்பால் எழுப்பியவர்களோ கைதிகள்.

வேர்கள் பற்றிய சுவர்கள்

இன்று அக்கட்டடங்களுக்குக் கூரை இல்லை. சுவர்களை ஆலினத்து மரங்களின் வேர்கள் வலைபோலப் பின்னிப் பிடித்துள்ளன. தீவுக்குச் செல்வோர் முதலில் வியந்து நிற்பது இக்காட்சியைக் கண்டே.

இது நிகழ்ந்த விதம் எளிதில் விளங்கக்கூடியது. ஆலினத்து மரத்தின் பழத்தைப் பறவை உண்ணும். அதன் எச்சத்துடன் விதை சுவரின் இடுக்கில் விழும். மழைநீரும் சிறிது மண்ணும் கிடைத்தால் அவ்விதை அங்கேயே முளைக்கும். மெல்லிய வேர் ஈரத்தைத் தேடிச் சுவரின் வழியே கீழிறங்கும். நிலத்தைத் தொட்டதும் அது விரைந்து பருக்கும். பருத்த வேர் சாந்தைப் பிளக்கும், செங்கல்லை நகர்த்தும். ஆனால் சுவர் முற்றும் சரிவதற்குள் வேறு வேர்கள் அதைச் சூழ்ந்து இறுகிவிடும். ஆகவே சுவரை உடைத்த வேர்களே அதைத் தாங்கியும் நிற்கின்றன. வேரை வெட்டினால் சுவர் விழுந்துவிடும் என்ற நிலையில் பல சுவர்கள் உள்ளன.

இடிபாடுகளுக்கு நடுவே புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. மயில்களும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட மான்களின் வழிவந்தவை இவை.

கட்டடங்கள் கைவிடப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் அடுத்தடுத்து வந்தன. 1941 ஜூன் 26 அன்று அந்தமானில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீவின் கட்டடங்கள் பழுதுற்றன. அதிகாரிகள் எதிர்க்கரைக்கு மாறத் தொடங்கினர். ஓராண்டு நிறைவதற்குள் போர் வந்தது.

போர் வந்த வழி

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை தென்கிழக்காசியாவை மிக விரைவாகக் கைப்பற்றியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினர். ஆங்கிலப் படை முன்னரே விலகிச் சென்றுவிட்டதால் பெரிய சண்டை நிகழவில்லை.

இத்தீவுகள் ஜப்பானுக்குத் தேவைப்பட்டது ஏன் என்பதற்கு நிலப்படமே விடை கூறும். வங்காள விரிகுடாவின் கிழக்கே அந்தமான் தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றைக் கையில் வைத்திருப்பவர், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் செல்லும் கடல்வழியைக் கண்காணிக்கலாம்.

ராஸ் தீவில் படகை விட்டு இறங்கியதும் போரின் அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறது. துறையை ஒட்டியே ஜப்பானியர் கட்டிய பதுங்கு அரண் ஒன்று உள்ளது. தடித்த சுவரும் தாழ்ந்த கூரையும் உடைய சிறு அறை அது. கடலைப் பார்த்த பக்கத்தில் குறுகிய திறப்பு மட்டுமே உண்டு. உள்ளிருப்பவர் அதன் வழியே வெளியே பார்க்கலாம்; சுடலாம். வெளியிலிருந்து வரும் குண்டு உள்ளே புகுவது அரிது. மாளிகைகளின் அகன்ற சாளரங்களையும் இந்தக் குறுகிய திறப்பையும் ஒப்பிட்டால், அமைதிக் காலத்துக் கட்டடமும் போர்க்காலத்துக் கட்டடமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது புலனாகும்.

கொடி ஏறிய நாள்

1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அமைத்தார். அந்தமான் நிக்கோபார் தீவுகளை அவ்வரசுக்கு வழங்குவதாக ஜப்பான் அறிவித்தது. டிசம்பர் 29 அன்று நேதாஜி போர்ட் பிளேர் வந்தார். மறுநாள் டிசம்பர் 30 அன்று அந்நகரின் திடலில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷாகித் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் சூட்டினார். முன்னது தியாகியைக் குறிக்கும். பின்னது தன்னாட்சியைக் குறிக்கும்.

தீவுகளின் ஆட்சிப் பொறுப்பை ஏற்க இந்தியத் தேசிய இராணுவத்தைச் சேர்ந்த ஏ. டி. லோகநாதன் 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அனுப்பப்பட்டார். அவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர். ஆனால் ஜப்பானியர் அவரிடம் உண்மையான அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. கல்வித்துறை போன்ற சிறு பொறுப்பே அவருக்குக் கிட்டியது. காவலும் தண்டனையும் ஜப்பானியரின் கையிலேயே இருந்தன. கொடி இந்தியருடையது, ஆட்சி இந்தியருடையதாகவில்லை.

கல்லில் இல்லாதவர்கள்

கொடி ஏறிய அதே நாளில் செல்லுலார் சிறைக்குள் திவான் சிங் என்னும் மருத்துவர் அடைபட்டிருந்தார். அவர் பஞ்சாபி மொழிக் கவிஞர். உள்ளூர் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் ஜப்பானியர் அவரைப் பிடித்துக் கடுமையாக வதைத்தனர். 1944 ஜனவரி 14 அன்று அவர் சிறையிலேயே உயிர்நீத்தார்.

அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரேகஞ்ச் என்னும் ஊரில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றமும் ஒற்று வேலையே. இறந்தோரில் பலர் இந்திய விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். நாட்டின் விடுதலையை விரும்பியவர்களே, விடுதலைக்குத் துணைநிற்பதாகக் கூறிய படையால் கொல்லப்பட்டனர். போர் நீண்டபோது கப்பல்கள் வருவது அரிதாயிற்று, உணவு குறைந்தது, தீவு மக்கள் பசியால் வாடினர். 1945 அக்டோபரில் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் முறைப்படி சரணடைந்தது.

ராஸ் தீவில் நடப்பவர் இவற்றை எந்தச் சுவரிலும் காண இயலாது. மாளிகையில் வாழ்ந்தவருக்கு மாளிகையின் இடிபாடு எஞ்சியுள்ளது. போரிட்டவருக்குப் பதுங்கு அரண் எஞ்சியுள்ளது. கல் சுமந்த கைதிக்கும், பசித்த குடும்பத்திற்கும் தீவில் எஞ்சியது எதுவும் இல்லை. ஓர் இடிபாடு எல்லோரையும் பற்றிச் சொல்வதில்லை. கட்டடம் உடையவர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. ஆகவே வரலாற்று இடத்திற்குச் செல்பவர் கண்ணால் காண்பதோடு நின்றுவிடாமல், காணாதவர்களைப் பற்றிக் கேட்கவும் வேண்டும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

வழிகாட்டியுடன் செல்வதன் பயன் இங்கேதான் விளங்கும். ஒவ்வோர் இடிபாட்டின் முன்பும் மூன்று வினாக்களை எழுப்பலாம்.

1. இதைக் கட்டுவித்தவர் யார்?
2. இதைக் கட்டியவர் யார்?
3. இதனால் நன்மை அடைந்தவர் யார், துன்பம் அடைந்தவர் யார்?

எடுத்துக்காட்டாகத் தேவாலயத்தின் முன் நின்று கேட்டால், முதல் வினாவிற்கு ஆங்கில அரசு என்பது விடை. இரண்டாம் வினாவிற்குக் கைதிகள் என்பது விடை. மூன்றாம் வினா எளிதில் முடிவதில்லை; அங்கிருந்தே உரையாடல் தொடங்கும். வழிகாட்டி கூறுவதில் ஆண்டுடனும் சான்றுடனும் கூடிய செய்தி எது, வாய்வழியாக வந்த கதை எது என்பதையும் பணிவுடன் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கதைகள் தவறென்பதன்று, அவற்றைக் கதைகள் என்றே அறிந்து கேட்பது நலம்.

திரும்பும் படகு

போருக்குப் பின் ராஸ் தீவு மீண்டும் தலைநகராகவில்லை. 1979இல் இந்தியக் கடற்படை அதன் பொறுப்பை ஏற்றது. தீவில் ஊர்மக்கள் யாரும் குடியிருப்பதில்லை. 2018 டிசம்பர் 30 அன்று, நேதாஜி கொடியேற்றிய 75ஆம் ஆண்டு நிறைவில், அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. படகோட்டிகளின் பேச்சில் பழைய பெயரும் இன்னும் வழங்குகிறது.

பார்வையாளரை ஏற்றிக்கொண்டு படகு நகரை நோக்கித் திரும்பும்போது, எதிரே செல்லுலார் சிறை மீண்டும் தெரியும். நேரம் இருப்பின் அன்றே அச்சிறையையும் காண்பது சிறப்பு. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட அதில் 693 தனியறைகள் இருந்தன. தீவில் விடை கிடைக்காத வினாக்கள் சிலவற்றிற்கு அவ்வறைகளில் விடை கிடைக்கும்.

தெரிந்து தெளிவோம்

நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் உள்ள கச்சால் தீவில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. இன்றும் அந்தமான் நிக்கோபாரில் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது.

சொல்லும் பொருளும்

இடிபாடு – சிதைந்த கட்டடத்தின் எஞ்சிய பகுதி
பதுங்கு அரண் – போர்வீரர் மறைந்திருந்து போரிடும் காப்பறை
சாந்து – கல்லையும் செங்கல்லையும் ஒட்டும் சுண்ணக் கலவை
சாளரம் – பலகணி, சன்னல்
ஒற்றர் – மறைவாகச் செய்தி அறிந்து பகைவருக்குக் கூறுபவர்
வரிப்பந்து – டென்னிஸ்

பயிற்சி

1. ஆங்கிலேயர் ராஸ் தீவைத் தலைமையிடமாகத் தேர்ந்ததற்குரிய இரண்டு காரணங்களை எழுதுக.
2. சுவரை உடைத்த வேரே சுவரைத் தாங்குவது எவ்வாறு? படம் வரைந்து விளக்குக.
3. "கொடி இந்தியருடையது, ஆட்சி இந்தியருடையதாகவில்லை." இத்தொடரைச் சான்றுகளுடன் விளக்குக.
4. பிரித்து எழுதுக: துறைமுகம், கடற்பரப்பு, மூவண்ணம்.
5. நீ வாழும் ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடு. பாடத்தில் கூறிய மூன்று வினாக்களையும் அதைப்பற்றி எழுப்பி, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டறிந்த விடைகளை ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுக.